மாமனாருக்கு ஓர் இருக்கை

தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துக் கட்டுப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. எந்த வாயையும் அவர் நேரில் பார்த்தது கிடையாது. காலையில் ஒரு டப்பாவில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் வரும், கூடவே வைத்தியரின் குறிப்புச் சீட்டு. சீட்டில் இருப்பதைச் செய்ய வேண்டும். இவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி வாயை மூடுவார் என்று கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டு, வைத்தியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு கேட்பதில்லை. சீட்டு என்ன சொல்கிறதோ அது.

மாலையில் வீடு திரும்பிச் சட்டையை மாற்றினால் வேறு ஆள். தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய உறுப்புகளைத் தானே செய்வார். கடையில் வாங்கி மாட்டுவதில் அவருக்கு ருசி இல்லை. ஹேண்டில்பார் அவர் வளைத்தது, சைலன்சர் அவர் சுருட்டியது, சங்கிலிக்கு மேல் இருக்கும் மூடி அவர் தட்டி எடுத்தது. கம்பெனி செய்ததென்று மிஞ்சியிருந்தவை எஞ்சினும் சக்கரங்களும்தான். அவற்றின் மேலும் அவருக்கு ஒரு கண் இருந்தது.

இதெல்லாம் நடப்பது மாடி வீட்டின் பின்னறையில். ஒரு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அவ்வளவு பெரிய அறை. ஒரு மூலை துணி துவைக்கும் மெஷினுக்கு. மிச்சம் அவருக்கு. பழைய சாப்பாட்டு மேஜைமேல் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸ், அறுக்கவும் தேய்க்கவும் கிரைண்டர், தூக்கி நடக்கிற அளவில் ஒரு வெல்டிங் மெஷின். அவர் வெல்டிங்கைத் தொட்டால் வீட்டுக் கூடத்தில் விளக்கு மங்கும். டிவியில் செய்தி வாசிக்கிறவர் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வருவார். ஜன்னல் திரை பொறி பட்டுப் பட்டு சல்லடையாகியிருந்தது. ஒருமுறை பெயின்ட் காய்வதற்காகச் சமையலறை ஓவனுக்குள் பெட்ரோல் டேங்க் மூடியை வைத்து எடுத்தார். அதற்குப் பிறகு வெகுநாள் வரைக்கும் அந்த வீட்டில் எது வெந்தாலும் கறுப்பு எனாமல் மணந்தது.

ஆனால் கை சுத்தம். குழாயை வளைக்கும் முன் உள்ளே மணலைத் திணித்து இரண்டு முனையையும் அடைத்துச் சூடாக்குவார், வளைவில் நசுங்காமல் இருக்க. ஓரங்களைத் தேய்ப்பதில்தான் அவருடைய தொழில் தெரியும். நாக்குக்கு உறுத்துகிற எதுவும் பல் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் விரலில் ஊறிப்போன விதி. அவர் செய்த சைலன்சரை யாரும் நக்கிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் நக்கலாம்.

இந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. மாமனார் ரூபத்தில்.

மாமனார், வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் பல்லுக்காரர் முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது, வந்த ஆளை அவர் பார்க்கவில்லை, வந்த வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார், குனிந்தார், கம்பெனி செய்யாத ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பெண்ணைக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, அந்த வண்டிக்குச் சான்றுதான் கொடுக்க முடியாது என்றார். தான் கேட்டு வந்தது பெண்ணை மட்டும்தான் என்றார் பல்லுக்காரர். அன்றோடு இருவரும் நேருக்கு நேர் பேசுவது நின்றது. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டுமே.

நடுவில் அகப்பட்டவள் மகள். அப்பா சொல்வதைக் கணவரிடமும் கணவர் சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலையானது. ஒரே அறையில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வழியாகத்தான் பேச்சு போய்வரும். கேட்டதை அப்படியே சொல்ல மாட்டாள். கொஞ்சத்தை விழுங்குவாள், கொஞ்சத்தைச் சேர்ப்பாள். அந்தக் குடும்பம் ஓடியது அவள் விழுங்கியதாலும் சேர்த்ததாலும்தான்.

தனியாக இருந்த மாமனாருக்கு வலது முழங்காலில் அறுவை நடந்தது. டாக்டர் வளைத்துப் பார்த்துவிட்டு, இனி இவ்வளவுதான் வளையும் என்று சொல்லிவிட்டார். அந்த ‘இவ்வளவு’ ஏறக்குறைய ஒன்றுமில்லை. மகள் வீட்டுக்கு அழைத்து வந்து கூடத்துச் சோபாவில் கிடத்தினாள். நீட்டிய கால் நீட்டியபடி நடைவழியை மறித்துக் கிடந்தது. சமையலறைக்குப் போகிறவர்கள் ரயில்வே கேட்டில் நிற்பதைப்போல் நின்று, அவர் காலைத் தூக்கித் தரும்வரை காத்திருந்து போனார்கள்.

மாமனார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு மாலை, பின்னறையில் வெல்டிங் நடந்து, டிவியில் செய்தி வாசிப்பவர் வரவும் போகவுமாக இருந்தபோது மகளைக் கூப்பிட்டார்.

“நடுவீட்டுல பார்சல் மாதிரி எத்தனை நாள்மா கிடக்கறது. அந்தப் பின்ரூமை எனக்கு ஒழிச்சுக் குடு. அங்க இருக்கற சாமான் எதுவும் சட்டப்படி வண்டியில மாட்டக் கூடாதது. அதுங்களுக்கு ரூம் இருக்கு, எனக்கு இல்ல.”

மகளால் இதை விழுங்க முடியவில்லை. நியாயம்தானே. பல்லுக்காரருக்கும் நியாயம் புரிந்தது, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மொட்டை மாடிக்கு மாற்றலாம் என்றால் வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார், மழையும் விடாது. கீழே வாசலுக்கு இறக்கலாம் என்றால், கீழ்வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் கிரைண்டர் சத்தம் மாடியில் இருக்கும்போதே அதற்கு மேல் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். அறை போனால் எல்லாம் போயிற்று. வைஸைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். அன்றிரவு அவர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு யோசனையில் உட்கார்ந்திருந்தார். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஆனால் அவள் அப்பாவை அறிந்தவள். அவருடைய குறை அறை அல்ல. வண்டி ஓட்டும் சோதனை நடக்கிற திடலில் ஒரு பெஞ்சு உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரிகள் காலையில் அங்கே கூடுவார்கள். உரிமம் கேட்டு வந்தவர்கள் நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டித் தடுமாறுவதைப் பார்ப்பதில் அவர்களுக்குப் பொழுது போகும். கால் மடங்காமல் போனதிலிருந்து மாமனார் அங்கே போகவில்லை. டாக்ஸி வரவழைத்துப் பார்த்தாகிவிட்டது. வந்த டாக்ஸியின் டயரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்து, இதில் ஏற மாட்டேன் என்று திருப்பி அனுப்புவார். அடுத்ததில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்வார். பிறகு அந்த முகவரிக்கு டாக்ஸியே வரவில்லை.

மகள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சைக் கொண்டுவந்தாள். கால் நீட்டிக்கொண்டு உட்கார்கிற மாதிரி மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் ஓர் இருக்கை செய்தால் என்ன? தினமும் காலையில் திடலில் விட்டுவிட்டுப் பல்லுக்காரர் வேலைக்குப் போகலாம், மதியம் சாப்பிட வரும்போது கூட்டி வரலாம். அப்பாவுக்குப் பாதிப் பொழுது வெளியே போய்விடும். மீதிப் பொழுதுக்குக் கூடம் போதாதா?

மாமனார் வெகுநேரம் யோசித்தார். அந்த வண்டியில் டயர் நல்ல டயர் என்பதை அவர் ஜன்னல் வழியாக முன்பே கவனித்திருந்தார். கடைசியில் நிபந்தனை சொன்னார். படத்தை அவரே வரைந்து தருவார். படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். “அவரோட சொந்த மூளையை இதுல காட்டக் கூடாதுன்னு சொல்லு. ஒரு இம்மி மாறினாலும் ரூம் எனக்கு.”

மகள் போய், “அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், படம் அவரே வரையறாராம்” என்று சொன்னாள். இம்மி விஷயத்தை மட்டும் அப்படியே சொன்னாள்.

படம் வந்தது. மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தது. ஸ்கேல் வைத்து, பென்சிலைச் சீவிச் சீவி, அச்சடித்தாற்போன்ற கோடுகள். பின் இருக்கைச் சட்டம் மட்டும்தான், மீதி வண்டி இல்லை. சட்டத்தின் ஒரு முனையில் குறுக்காக உயரமான ஒரு தடுப்பு. இடது ஓரத்தில், தடுப்புக்கு எதிர்த்திசையில் நீண்டு செல்லும் ஒரு தொட்டி, நீளவாக்கில் பாதியாக அறுத்த குழாய் மாதிரி. வலது ஓரத்தில் ஒரு குட்டை மிதி. நடுவில் இடுப்புப் பட்டை. எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது, எழுத்து ஒன்றுகூட இல்லை. படம் பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் எழுத்து வேண்டும் என்பது மாமனாரின் கொள்கை. நட்டு போல்ட்டும் இல்லை, எல்லா மூட்டிலும் வெல்டிங் குறி. நட்டு என்றாவது கழலும் என்பது இன்னொரு கொள்கை.

பல்லுக்காரர் படத்தை மேஜை மேல் ஒட்டினார். தாளின் மேல்பக்கம் வண்டியின் முன்பக்கம். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தது தடுப்பில்தான். அது ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் வந்தது. கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. தன்மேல் கை படாமல், முகம் படாமல் உட்கார்ந்து வருவதற்காக மாமனார் ஒரு சுவரைக் கேட்டிருக்கிறார். மனம் சற்று நொந்தது. இருந்தாலும் சீட்டு சீட்டுதான்.

தொட்டி அடுத்த குழப்பம். இடது பக்கம், வண்டியின் வாலைப் பார்த்து நீண்டது. மடக்க முடியாத கால் வலது கால். அப்படியானால் இது காலுக்கு இல்லை. பின்னால் நீட்டி வைக்கிற நீளமான பொருள் மாமனாரிடம் ஒன்றுதான் இருந்தது: கைத்தடி. கைத்தடிக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று ஒரு கணம் நினைத்தார். ஒரு காலத்தில் தடியைத் தூக்கினால் லாரிகள் நின்றிருக்கின்றன. அந்தத் தடிக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கும். வலது காலுக்குத்தான் குட்டை மிதி இருக்கிறதே. அது எப்படி நீட்டின காலுக்கு எட்டும் என்பதை மாமனார் யோசிக்காமலா இருப்பார்? இதில் சொந்த மூளையைக் காட்டக் கூடாது என்று தெளிவான உத்தரவு. பல்லுக்காரர் காட்டவில்லை.

ஒரே ஒரு விஷயம் கேட்டனுப்பினார், தடுப்புக்கு மெத்தை வைக்கலாமா என்று. பதில் உடனே வந்தது. வைக்க வேண்டும், முதுகுக்கு உறுத்தக் கூடாது.

பல்லுக்காரர் கிரைண்டரைக் கீழே வைத்தார். தன் முதுகைப் பற்றி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூடக் கவலைப்பட்டதில்லை. மனைவியிடம், “உங்கப்பா வெளிய காட்டிக்கறதில்ல, அவ்வளவுதான்” என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைச் சேர்க்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது என்பதால் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவர் அந்த வேலையைச் செய்த விதமே வேறு. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, தகட்டில் கீறி, அறுத்து, மணல் அடைத்துக் குழாயை வளைத்தார். தொட்டியின் உட்புறத்தை, பல் மெருகேற்றும் பசையைப் போட்டுத் தேய்த்தார். தடுப்புக்கு இரண்டு பக்கமும் மெத்தை வைத்தார், கைத்தடிக்கு வலிக்காமல் இருக்கத் தொட்டியிலும் வைத்தார். கடைசியில் மாடி ஜன்னல் வழியாக ஒயரை இறக்கி, வாசலில் நின்ற வண்டியின் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தார். இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் வண்டியை அறுக்க வேண்டும்.

இருக்கையைச் சோதிக்கும் நாள் காலை மாமனார் ஹெல்மெட் போட்டு, வாரை இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். வண்டி போர்வையால் மூடியிருந்தது. கீழ்வீட்டு டீச்சர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். பல்லுக்காரர் போர்வையை விலக்கினார்.

மாமனார் வண்டியின் எதிரில் போய் நின்றார். பிறகு பின்னால் போய் நின்றார். திரும்ப எதிரில் வந்தார்.

“அம்மாடி. உன் வீட்டுக்காரரைக் கேளு, நான் எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?”

“முன்பக்கம்தான்னு சொல்லு.”

“அப்ப என் காலை எங்க வைக்கணுமாம்?”

பல்லுக்காரர் குட்டை மிதியைக் காட்டினார். மாமனார் மிதியைப் பார்த்தார், விறைத்து நின்ற தன் காலைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் வாலை நோக்கி நீண்டிருந்த தொட்டியைத் தடியால் தட்டினார். ஒரு குழந்தையைப் போட்டுத் தூங்க வைக்கலாம், அப்படி இருந்தது அது.

“இது?”

“அது மாமாவோட கைத்தடிக்குன்னு சொல்லு.”

“மெத்தை போட்டிருக்கே.”

“உங்க தடியாச்சேன்னு போட்டாராம்ப்பா” என்றாள் மகள், தன் பங்குக்கு.

மாமனார் தடியைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். அது உள்ளே ஒரு மூலையில் குச்சியாகக் கிடந்தது. தடுப்பைத் தொட்டு, இதில் எப்படிச் சாய்வது என்று கேட்டார். சாய்வதற்கு இல்லையே, என் முதுகுக்குத்தானே என்று பல்லுக்காரர் மனைவியைப் பார்த்துச் சொல்ல, உன் வீட்டுக்காரர் முதுகைப் பற்றி நான் எப்போது பேசினேன் என்று மாமனார் மகளைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்னது தன் முதுகை.

பல்லுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. மாடிக்கு ஓடிப்போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். வண்டியின் மேல் வைத்துப் பிடித்துக் காட்டினார். தடுப்பு மேலே, தொட்டி இடதில், கீழ்நோக்கி. எல்லாம் படத்தில் உள்ளபடி.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவர் கையிலிருந்த தாளை வாங்கி, தலைகீழாகத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

தடுப்பு பின்னால் போயிற்று. தொட்டி வலது பக்கம், முன்நோக்கி நீண்டது. குட்டை மிதி இடது காலுக்கு. கால் நீட்டி, முதுகு சாய்த்து, சாலையைப் பார்த்து ஒரு மனிதர் வசதியாக உட்காரலாம்.

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டு ஜன்னலும் சட்டென்று சாத்திக்கொண்டது.

தவறு யாருடையது என்பதில் அதற்கப்புறம் வாக்குவாதம் நடந்தது. வண்டியின் முன்பக்கம் தாளின் கீழ்ப்பக்கமாகத்தான் இருக்கும், இதில் என்ன கேள்வி என்றார் மாமனார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லா வண்டியும் அவருக்கு எதிரேதான் வந்து நின்றிருக்கிறது. முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறது. அவர் வரைந்த ஒவ்வொரு வண்டியும் அவரைப் பார்த்தே வரும். தாளின் மேல்பக்கம் முன்பக்கம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும் என்றார் பல்லுக்காரர். இரண்டையும் மகள் இங்கும் அங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் இருவரும் வண்டியைப் பார்த்தே பேசினார்கள்.

கடைசியில் மாமனார் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். பல்லுக்காரருக்கு அறை போயிற்று என்று தெரிந்துவிட்டது. வைஸை எப்படி மாடியிலிருந்து இறக்குவது என்றுகூட மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

மாமனார் அளந்தார். தடுப்பின் உயரம், தொட்டியின் நீளம், அகலம், ஆழம், மிதியின் இறக்கம், பட்டையின் நீளம். ஒவ்வொன்றையும் படத்தோடு பார்த்தார். வெல்டிங் தழும்பை விரல் நுனியால் தடவினார். தகட்டின் அடி ஓரத்தில், யாரும் பார்க்கப் போகாத இடத்தில், கட்டைவிரலை நீளவாக்கில் ஓட்டினார். விரல் எங்கேயும் தடுக்கவில்லை. மறுபடி ஓட்டினார். அவருடைய உத்தியோக காலத்தில் ஓரம் உறுத்தாத வண்டியை அவர் கண்டதில்லை.

எல்லா அளவும் சரி. படத்துக்கும் இரும்புக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. இதைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் படத்தைத்தான் தள்ளுபடி செய்ய வேண்டும். படம் வரைந்தவர் யார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவருக்கும் தெரியும்.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

“படத்துப்படி இருக்கு” என்றார், யாரையும் பார்க்காமல். “ஏத்தி விடுங்க.”

இருவரும் சேர்ந்து அவரை ஏற்றினார்கள், வண்டியின் வாலைப் பார்க்கிற மாதிரி. வலது கால் தொட்டியில் போய், அளவெடுத்துச் செய்ததைப்போல் அடங்கியது. அளவெடுத்துச் செய்ததுதானே. முதுகு தடுப்பில் சாய்ந்தது. இடது கால் மிதியைக் கண்டுகொண்டது. மகள் பட்டையை மாட்டினாள். மாமனார் கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் கிடந்த தெருவைப் பார்த்தபடி, போகலாம் என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பல்லுக்காரர் பார்க்க வழியில்லை. மகள்தான் சொன்னாள். அதோடு அவள் வேலை முடிந்தது. வண்டியில் மூன்றாமவருக்கு இடமில்லை.

தெருமுனை வரை வண்டி ஊர்ந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு தகடும் இரண்டு பக்கம் மெத்தையும். ஒரு சொல் இல்லை. சொல்வதானால் யார் மூலம் சொல்வது? முதல் மேடு பட்டதும் வண்டி தூக்கிப் போட்டது.

“மாப்பிள்ளை.”

பல்லுக்காரர் கிட்டத்தட்ட பிரேக்கை மிதித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அந்தச் சொல் அந்தக் குரலில் அவர் காதில் விழுந்ததில்லை.

“மாமா?”

“மேடு வந்தா முன்னாடியே சொல்லுங்க. எனக்கு அது போனப்பறம்தான் தெரியுது.”

அதன் பிறகு பேச்சு வந்துவிட்டது. மேடு, பள்ளம், திருப்பம் என்று மாப்பிள்ளை முன்னிருந்து சொன்னார். பின்னால் வருவதை மாமா சொன்னார். முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யாரும் அதுவரை யோசிக்கவில்லை. பின்னால் ஒரு கார், கண்ணாடியில் விரிசல். அதற்குப் பின்னால் ஒரு வேன், நம்பர் பிளேட்டில் சேறு, வேண்டுமென்றே அப்பியது. காரோட்டி போனில் பேசிக்கொண்டு வந்தான். மாமனார் தடியை மெல்ல உயர்த்தி அவனை நோக்கி நீட்டினார். முன்னால் போகிற மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு பெரியவர் தன் முகத்துக்கு நேராக முறைத்துப் பார்த்துக்கொண்டு வருவதை அவன் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டான். போன் அவன் மடியில் விழுந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வந்தன.

“போனைக் கீழ வெச்சுட்டான்” என்றார் மாமனார். குரலில் பழைய உத்தியோகம் ஊறியிருந்தது.

சிக்னலில் நின்றார்கள். பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கார், வேன், தண்ணீர் லாரி, அதற்கும் பின்னால் ஒரு பஸ். எல்லாம் அவருக்கு எதிரே, அவரைப் பார்த்து, முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. ஓய்வு பெற்ற நாளிலிருந்து எந்த வண்டியும் அவருக்கு முகம் காட்டியதில்லை. சோபாவுக்கு நேரே இருந்த ஜன்னலில் அவர் பார்த்ததெல்லாம் போகிற வண்டிகளின் முதுகு. இப்போது அவர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். அவசரமில்லை, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லாரி டிரைவர் தானாகவே சீட் பெல்ட்டைத் தேடி இழுத்து மாட்டினான்.

பல்லுக்காரர் காத்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் வாயில் ஒரு கேள்வி இருந்தது, இப்போது அதைக் கேட்டே ஆக வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் கேட்டுப் பழக்கமில்லாததால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இருக்கையை அறுத்துத் திருப்பி வைக்கட்டுமா என்று ஆரம்பித்தார், இரண்டு நாள் வேலைதான்.

“எதுக்கு?” என்றார் மாமனார்.

“நேரா உக்காரத்தான், மாமா.”

“நேராத்தானே உக்காந்திருக்கேன்.”

விளக்கு இன்னும் மாறவில்லை. மாமனார் தடியால் தொட்டியின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, எதையோ பார்த்துக்கொண்டே பேசுகிறவர் மாதிரி, அந்தப் பின்னறையில் வேலை மேஜையை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருப்பது தப்பு என்றார். நிழல் கையின் மேல் விழும், அறுக்கிறபோது விரல் போகும். மேஜையைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட வேண்டும். அந்தத் திரையை எடுத்துவிட வேண்டும், பொறி பட்டு வீடு எரிந்தால் யார் பொறுப்பு? வெல்டிங்குக்குத் தனியாக ஒரு லைன் இழுக்க வேண்டும், செய்தி பார்க்க முடியவில்லை.

பல்லுக்காரருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இதெல்லாம் அறை தன்னிடமே இருந்தால்தான் செய்ய முடியும் என்பது. மகிழ்ச்சியில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை காலம் பார்க்காத முகத்தை அந்த நிமிஷம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இடுப்பை வளைத்து, கழுத்தை முறுக்கி, தடுப்புக்கு மேலாகப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டின் பின்மண்டைதான் தெரிந்தது.

விளக்கு பச்சையானது. பஸ் ஒலி எழுப்பியது. மாமனார் உள்ளங்கையை உயர்த்திப் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

“என் பக்கத்தை நான் பாத்துக்கறேன், மாப்பிள்ளை” என்றார். “நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க.”